தீக்காய வார்டின் கேமரா

டெல்பின் பதினான்கு வருடம் தீக்காய வார்டில் நர்ஸாக இருந்தாள். கிழக்கு டெல்லியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை அது. வார்டில் சேருகிறவர்களின் காயங்களை, மருந்து பூசுவதற்கு முன்னால் படம் எடுத்து வைக்க வேண்டும். போலீஸ் வழக்கானால் அந்தப் படங்கள் கோர்ட்டுக்குப் போகும். அதற்கென்று ஒரு கேமரா இருந்தது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் வாங்கும் ஆரம்ப ரகம். யாரோ ஒரு நோயாளியின் குடும்பம் கொடுத்துவிட்டுப் போனது. வெந்த உடம்பின் முன்னால் நின்று அதைக் கண்ணில் வைக்க மற்ற நர்ஸுகள் தயங்கினார்கள். நாகர்கோவிலிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத டெல்பின், "தாங்க, நான் எடுக்கேன்" என்று வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அது அவள் வேலையாகிவிட்டது.

2021 டிசம்பரில் ஒரு காலை பொன்னியைக் கொண்டுவந்தார்கள். இருபத்து மூன்று வயது. ரயில் பாதையோரக் குடிசைப் பகுதியில் இருந்தவள். அவளும் அவள் அம்மா ஆராயியும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். கணவன் தர்மன் கட்டட வேலைக்குப் போகிறவன். இடுப்பிலிருந்து கழுத்து வரை வெந்திருந்தது. இடது மேல்கை மட்டும் தப்பியிருந்தது. அந்தக் கையில் வெளிப்பக்கம் நான்கு விரல் பதிந்த தடம் கன்றிப் போயிருந்தது. உள்பக்கம் ஒரு கட்டைவிரல்.

டெல்பின் அதை மூன்று முறை எடுத்தாள். பிறகு வார்டின் தலைமை மருத்துவர் வாசுதேவனிடம் காட்டினாள்.

"சார், இத கேஸ் ஷீட்டுல எழுதணுமே."

அவர் அடுத்த படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "படம் எடுத்துட்டியோன்னோ? அது போறும்."

மதியம் வாக்குமூலம் வாங்க மாஜிஸ்ட்ரேட் வந்தார். ஸ்டவ் வெடித்துவிட்டது என்று பொன்னி இந்தியில் சொன்னாள். எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் டிரெஸ்ஸிங் மாற்றும்போது பொன்னி தமிழில் பேசினாள். அந்த வார்டு நர்ஸுகளில் தமிழ் தெரிந்தவள் டெல்பின் மட்டும்தான்.

"அக்கா, ஸ்டவ்வு வெடிக்கல. அவரு எங் கைய புடிச்சிக்கினாரு, ஓட வுடல."

"அத ஏன் மக்களே நேத்து சொல்லல?" என்றாள் டெல்பின், மகளைக் கூப்பிடும் ஊர் வழக்கில்.

"எம் புள்ள அவங்க வூட்லதான் இருக்குது."

ஆறாம் நாள் பொன்னி இறந்துபோனாள். வெளியே சுவரில் சாய்ந்து நின்ற ஆராயியின் கையைப் பிடித்துக்கொண்டு டெல்பின் சொன்னாள்: "அம்மா, அந்தக் கைய நான் படம் எடுத்து வச்சிருக்கேன். அந்தப் படம் பேசும். பயப்படாதீங்க."

ஆராயியின் புகாரில் தர்மன் மேல் போட்ட வழக்கு விசாரணைக்கு வர இரண்டரை வருடம் ஆனது. டெல்பினைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். தர்மனின் வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். பெரிதாக்கிப் போட்ட படத்தை அவளிடம் நீட்டி, "சிஸ்டர், இதில் பதிவாகியிருக்கும் தேதியைப் படியுங்கள்" என்றார்.

2011, ஜனவரி ஒன்று.

கேமராவுக்குள் கடிகாரத்துக்கென்று இருந்த சிறிய பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. சார்ஜ் ஏற்றப் பெரிய பேட்டரியைக் கழற்றும்போதெல்லாம் தேதி பழையபடி பின்னால் போய்விடும். டெல்பினுக்கு அது தெரியும். திருத்தித் திருத்திச் சலித்து, ஒரு கட்டத்தில் விட்டுவிட்டிருந்தாள்.

"2011 ஜனவரியில் பொன்னிக்குப் பன்னிரண்டு வயது. அப்படியானால் இது யாருடைய கை?"

அவள் பேட்டரி விஷயத்தைச் சொன்னாள். வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். டியூப் லைட் வெளிச்சத்தில் படம் முழுக்க மஞ்சள் பூத்திருந்தது. காயத்தருகே போய் எடுக்க அந்த லென்ஸால் முடியாது. விரல் தடம் என்று அவள் சொன்ன இடத்தில் ஏதோ நிழல் விழுந்த மாதிரி இருந்தது. கேஸ் ஷீட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. வாசுதேவன் தனக்கு நினைவில்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். பொன்னி தமிழில் சொன்னதை எங்காவது எழுதி வைத்தீர்களா என்று வக்கீல் கேட்டபோது டெல்பின் இல்லை என்றாள்.

தர்மன் விடுதலையானான். கோர்ட் வராந்தாவில் ஆராயி அவளிடம் வந்தாள். அழவில்லை.

"யம்மா, படம் பேசும்னீங்களே."

சொல்லிவிட்டு ஆராயி படியிறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு டெல்பின் புதுக் கேமரா கேட்டு எழுத ஆரம்பித்தாள். ஆறு விண்ணப்பம் எழுதினாள். கடைசியில் வாசுதேவன் அவளைக் கூப்பிட்டு, "கமிட்டி ஒத்துண்டுடுத்து. எந்த மாடல்னு நீயே பாத்து எழுதிக் குடு. உன்னை விட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். அவளுக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. கணவன் டேவிட்சனோடு ஒரு மாதம் உட்கார்ந்து படித்தாள். கூரியர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவருக்குக் கேமரா பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவள் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்: மிக அருகில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ், லென்ஸைச் சுற்றி வளையமாக ஒளிரும் ஃப்ளாஷ், நிறம் மாறாமல் இருக்க ஒரு வண்ண அட்டை, ஒரே படம் இரண்டு கார்டில் பதிவாகும் வசதி.

ஒரு சனிக்கிழமை மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ பிடித்து இருவரும் கரோல் பாக் போனார்கள். கடைக்காரர் கல்யாணமா, குழந்தையா, டூரா என்று கேட்டார்.

"காயம், அண்ணா. மனுஷங்க உடம்பில் இருக்கிற காயம்" என்று டெல்பின் இந்தியில் சொன்னாள்.

அவர் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார். டெல்பின் சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு, வலது கையால் தன் இடது மேல்கையை இறுக்கிப் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, டேவிட்சன் "ஏய், போதும், விடு" என்று சொல்லும்வரை பிடித்திருந்தாள். கையை எடுத்தபோது நான்கு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. கடையின் டியூப் லைட்டுக்கு அடியிலேயே கடைக்காரரை மூன்று கேமராவிலும் எடுக்கச் சொன்னாள்.

முதல் கேமராவில் தோல் மஞ்சளாக வந்தது. இரண்டாவதில் நிறம் சரி; விரல்களுக்கு நடுவில் இருந்த இடைவெளி தெரியவில்லை. மூன்றாவதில், வளைய ஃப்ளாஷோடு, சுண்டுவிரல் தனியாகத் தெரிந்தது. மோதிரம் அழுந்திய கோடுகூடத் தெரிந்தது. டெல்பின் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தடம் மறைந்துகொண்டிருந்த கையைக் கடைக்காரர் ஒரு தடவை பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

ஏன் இந்தக் கேமரா என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அதில் பொன்னியின் வழக்கையும் மறைக்காமல் எழுதினாள்.

ஐந்து மாதம் கழித்துக் கேமரா வந்தது. வந்த விஷயம் அவளுக்கு மருத்துவமனையின் ஃபேஸ்புக் பக்கத்தில்தான் தெரிந்தது. ரத்ததான முகாமில் சூப்பரின்டென்ட் ரிப்பன் வெட்டும் படம் ஒன்று போட்டிருந்தார்கள். மிகத் தெளிவான படம். போய்ப் பார்த்தால், விளம்பரப் பிரிவு அதிகாரி ப்ரணவின் மேஜையில் அவள் தேர்ந்தெடுத்த கேமரா இருந்தது. ப்ரணவ் டெல்லியில் பிறந்தவன், தமிழை இந்தி மாதிரி பேசுவான்.

"சிஸ்டர், இந்த வளையம் மாதிரி ஒண்ணு வந்திருக்கு. இது எதுக்கு?" என்று கேட்டான். அட்டைப் பெட்டிக்குள் வளைய ஃப்ளாஷ் உறை பிரிக்காமல் கிடந்தது.

"இது எங்க வார்டு கேமரா."

"அச்சா. ஆனா சூப்பரின்டென்ட் சார் என்கிட்டதான் குடுத்தார். உங்களுக்கு வேணும்னா மெசேஜ் பண்ணுங்க, கொண்டுவந்து தரேன். நோ ப்ராப்ளம்."

அவன் கெட்டவன் இல்லை. ஆனால் அவள் மெசேஜ் அனுப்பும்போதெல்லாம் அவன் ஏதோ ஒரு விழாவில் இருந்தான். சூப்பரின்டென்டிடம் போனாள். "வார்டில் வைத்தால் ஈரம், மருந்து, திருட்டு. இப்போது எல்லார் கையிலும் ஃபோன் இருக்கிறதே, சிஸ்டர்?" என்றார் அவர். நோயாளிகளை ஃபோனில் படம் எடுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியவரும் அவர்தான். அதை அவள் சொன்னாள். அவர் புன்னகைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மார்ச் மாதத்தில் ஒரு பதினெட்டு வயதுப் பெண் வந்தாள். மணிக்கட்டைச் சுற்றிக் கயிறு அழுந்திய கோடு இருந்தது. டெல்பின் ப்ரணவுக்கு ஃபோன் செய்தாள். அவன் ஜனக்புரியில் ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்தான். கேமராவும் அங்கேதான் இருந்தது. பழையதை எடுத்து அழுத்தினாள். ஷட்டர் பாதியில் சிக்கி நின்றுவிட்டது. வலியில் அந்தப் பெண் கத்தத் தொடங்கினாள். மருந்தைத் தாமதிக்க முடியாது. வெள்ளைக் களிம்பைப் பூசிக் கட்டுப் போட்டார்கள். அந்தக் கோட்டை டெல்பின் இந்த முறை எழுதி வைத்தாள். வாசுதேவனின் கையெழுத்துக்கு நீட்டியபோது அவர் தயங்கினார்.

"நான் பாக்கலையேம்மா. கட்டுப் போட்டாச்சே. பாக்காததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது? அடுத்த மாசம் ரிடையர் ஆறேன். கோர்ட்டு கேஸுன்னு என்னை அலைய விடாதே."

ஏப்ரலில் அவருக்குப் பிரிவுபசார விழா நடந்தது. புதுக் கேமராவில் ப்ரணவ் எல்லோரையும் நிற்க வைத்துப் படமெடுத்தான். டெல்பினையும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. அன்று மதியமே தீக்காய வார்டிலிருந்து மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். அவள் கேட்ட வேறெதுவும் அத்தனை சீக்கிரம் நடந்ததில்லை. ஒரே வாரத்தில் உத்தரவு வந்தது.

இப்போது அவள் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் அறையில் இருக்கிறாள். எட்டு மணிக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்பிவிடலாம். தீக்காய வார்டு மூன்றாம் மாடியில்; அவள் அந்தப் பக்கம் போவதில்லை. அவள் விட்ட வேலையை அங்கே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டாள்.

"இப்ப நீ நல்லா சாப்பிடுத. முகமே தெளிஞ்சிருக்கு" என்றார் டேவிட்சன் ஒரு நாள்.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் டெல்பினுக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.