அணைந்த முன்விளக்கு

ஆரோக்கியமேரியின் சாவுக்குக் காரணம் எஞ்சின் டிரைவர் அல்ல, நான். இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நான் எஞ்சின் ஷெட்டில் எலக்ட்ரீஷியன். ஓட்டத்தில் குலுங்கும்போது முன்விளக்கு அணைந்துவிடுகிறது என்று டிரைவர் கோவிந்தராஜ் பழுதுப் புத்தகத்தில் எழுதியிருந்தார். நின்ற எஞ்சினில் போட்டுப் பார்த்தேன். பளீரென்று எரிந்தது. உள்ளே கம்பி இணைப்பைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அரைமணி நேர வேலை. ஆனால் அன்று மாலை திடலில் எங்கள் கட்சிக் கூட்டம். ஆட்சிக்கு வந்தபின் முதல் கூட்டம்... முன்வரிசையில் நிற்க வேண்டாமா? ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு ஓடினேன்.

மறுநாள் விடியற்காலை குத்தாலம் பக்கம் கடும் பனி. கூலித் தகராறில் மிராசுதாரின் ஆட்கள் வயல்வழியை அடைத்திருந்தார்கள். அதனால் அடுத்த ஊருக்கு அறுப்புக்குப் போனவர்கள் தண்டவாளத்தில் நடந்தார்கள். வாய்க்கால் பாலத்தில் கடைசியாக வந்தவள் ஆரோக்கியமேரி. ஒதுங்க இடமில்லாமல் ரயிலில் அடிபட்டாள்.

விசாரணையில் அவள் கணவர் சவரிமுத்து சொன்னார்: “சத்தம் கேட்டுதுங்க. வெளிச்சத்தக் காணும். ரயிலு இன்னும் தூரத்துல வருதுன்னு நெனச்சுட்டோங்க.”

பாலத்துக்குச் சற்று முன்புதான் விளக்கு அணைந்தது என்றார் கோவிந்தராஜ். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“இணைப்பைத் திறந்து பாத்தியா?”

“பாத்தேன் சார். இறுக்கிக் கட்டினேன்.”

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்... புத்தகத்தில் என் கையெழுத்து இருந்தது. நின்ற எஞ்சினில் போட்டுப் பார்த்தபோது விளக்கும் எரிந்தது. விளக்கைப் போட மறந்தவர் என்று கோவிந்தராஜை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

விசாரணை அறை வாசலில் அவர் என் கையைப் பிடித்தார். “தம்பி, நெஜமாவே தொறந்து பாத்தியாப்பா?”

“பாத்தேண்ணே.”

என் கையை விட்டார். “அப்ப நாந்தான் போட மறந்துட்டனோ என்னவோ...”

அந்த இடத்திலாவது நான் வாய் திறந்திருக்கலாம். ஏன் திறக்கவில்லை? வேலை போய்விடும் என்ற பயம். அதைவிட மேலான காரணம் ஒன்றைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

பிறகு அவர் சவரிமுத்துவின் குடிசைக்குப் போய், “நான் மறந்துட்டேன்” என்று காலில் விழுந்தாராம். செய்யாத தவற்றுக்கு...

போன மாதம் கோவிந்தராஜ் இறந்தார். துக்கம் கேட்கப் போயிருந்தேன். அவர் மனைவி என்னை உள்ளே அழைத்து உட்காரவைத்தார்.

“சாகுற வரைக்கும் இதே கேள்விதாங்க தம்பி. போட்டேனா, போடலையான்னு... நான் என்னத்தச் சொல்லுவேன்?”

பதில் என்னிடம் இருந்தது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன்.

“நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா அண்ணி?” என்று கேட்டேன்.