ஐம்பத்தாறு எழுத்து முகவரி

எங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்குச் சொந்தமாக முகவரி கிடையாது. திருச்செங்கோட்டில் எங்கள் தெரு முழுக்க ஒரே கேபிள்காரரிடம்தான் கனெக்‌ஷன். வெளியுலகுக்கு அவரிடம் இருப்பது ஒரே ஒரு முகவரி. அதையே எல்லா வீடுகளுக்கும் பகிர்ந்து விடுகிறார். உள்ளிருந்து எங்கு வேண்டுமானாலும் போகலாம். வெளியிலிருந்து யாரும் நம் வீட்டைத் தேடி உள்ளே வர முடியாது. தெருவில் யாருக்கும் இதனால் ஒரு கஷ்டமும் இல்லை. நான் ஓர் இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லேப்களைப் பார்த்துக்கொள்கிறவள். ஃப்ரிட்ஜ் மேல் கையகலத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டரைச் சர்வராக ஓடவிட்டிருந்தேன். என் வீட்டு சர்வரை என் காலேஜிலிருந்து தொட முடியவில்லை என்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

அதற்கு வழி தேடியபோதுதான், யார் எங்கே போகிறார் என்பதை மறைத்து அனுப்பும் டோர் நெட்வொர்க்கில் ஆனியன் முகவரி என்று ஒன்று இருப்பதைப் படித்தேன். அதில் சர்வர் எங்கே இருக்கிறது என்று வருகிறவருக்குத் தெரியாது. வருகிறவர் யார் என்று சர்வருக்கும் தெரியாது. இரண்டு பேரும் வீட்டைவிட்டுக் கிளம்பி, நடுவில் ஏதோ ஒரு மெஷினில் சந்தித்துக்கொள்கிறார்கள். யாரும் யார் வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை என்பதால் சொந்த முகவரியே தேவையில்லை.

படித்தபோது நம்பிக்கை வரவில்லை. ஒரு சனிக்கிழமை அதை அமைத்துவிட்டு, திங்கள் மதியம் லேப்பில் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் டோர் பிரவுசரில் முகவரியை அடித்துப் பார்த்தேன். ஏழெட்டு விநாடி ஒன்றுமில்லை. பிறகு வெள்ளைத் திரையில் நான் வீட்டில் எழுதி வைத்திருந்த இரண்டே சொற்கள் வந்தன: ‘சோறு ஆச்சா?’

காலேஜிலிருந்து எங்கள் வீடு ஸ்கூட்டரில் பத்து நிமிடம். அந்த இரண்டு சொற்கள் என்னிடம் வர ஆறு மெஷின்களைத் தாண்டியிருந்தன. என் பக்கத்து மூன்று எந்தெந்த நாட்டில் இருக்கின்றன என்று பிரவுசர் காட்டியது. நான் போகாத, போகப்போகாத நாடுகள். வீட்டுப் பக்கத்து மூன்றைப் பற்றி அதற்கும் தெரியவில்லை. அந்த மெஷின்களை யாரோ தங்கள் சொந்தக் கரண்டில், யாரும் கேட்காமல், ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சாப்பிடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட் மேடம் எட்டிப் பார்த்து, “என்னங்க, யாருக்காவது ரிசல்ட் வந்திருக்குதுங்களா?” என்றார்.

என் கணவர் ரிக் லாரியில் ட்ரில்லர். போர்வெல் போட வண்டியோடு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்குப் போனால் எட்டு மாதம், சில சமயம் பத்து மாதம். போன தடவை அங்கே ஏதோ கலவரம் என்று மூன்று நாள் சாட் ஆப்களை எல்லாம் முடக்கிவிட்டார்கள். அதனால் இந்தத் தடவை கிளம்பும் முன்பே அவர் போனில் டோர் பிரவுசரைப் போட்டு, தடையைத் தாண்டிப் போகும் வசதியையும் திறந்து வைத்தேன்.

“இதெல்லாம் எனக்கெதுக்கு அம்மிணி? நானென்ன திருட்டு வேலயா பண்ணப் போறன்?” என்றார்.

“இருக்கட்டுங்க. சாப்பாடா கேக்குது?” என்றேன்.

அவர் போய் நான்காம் மாதம் அங்கே தேர்தல் வந்தது. சாட் ஆப், வீடியோ கால், எல்லாம் நின்றன. சாதாரண போன் கால் மட்டும் வந்தது. நடுநடுவே அறுந்தாலும் குரல் கேட்டது. நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா, பாப்பா படிக்குதா. அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். இளம்பிள்ளையிலிருந்து சங்ககிரி வந்து பஸ் மாறி வந்திருந்தார். என் கணவர் இருக்கும் ரிக்கில் கம்ப்ரசர் பார்க்கிறவரின் மனைவி. அவர்கள் கல்யாணத்தில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பிறவியிலேயே காது கேளாதவர், பேசவும் வராது. சேலைக் கடையில் மடித்துப் பெட்டியில் போடும் வேலை. கணவருக்குக் காது கேட்கும். இவருக்காகவே சைகை மொழி கற்றுக்கொண்டவர். தினமும் சாயங்காலம் வீடியோ காலில் இருவரும் கைகளால் பேசிக்கொள்வார்களாம்.

வணக்கம் சொல்லிவிட்டுத் தன் போனில் எழுதி என்னிடம் நீட்டினார்.

‘எல்லாரும் போனில் பேசுகிறார்கள். நான் எப்படி?’

எனக்கு முகம் சுட்டது. இந்த ஒன்பது நாளில் ஒரு தடவைகூட இவரை நான் நினைக்கவில்லை. மெசேஜ் அனுப்பிப் பார்த்தாராம். ஒன்று போனது, மற்றதெல்லாம் போகவில்லை. அதோடு அவருக்கு எழுத்து கொஞ்சம் சிரமம். அவர் மொழி கையில் இருந்தது.

அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்துவிட்டு ஃப்ரிட்ஜ் மேலிருந்த சர்வரைப் பார்த்தேன். என் ஆனியன் தளத்தில் எழுதவும் சின்ன வீடியோ ஏற்றவும் ஒரு பக்கம் செய்துவிடலாம். அங்கிருக்கிற ஆண்கள் என் கணவர் போனிலிருந்து அதற்குள் வந்துவிடுவார்கள். ஆனால் இந்தப் பெண்ணின் போன் பழையது, புதிதாக ஓர் ஆப்பைப் போடக்கூட அதில் இடமில்லை. அதற்கு ஒரு பாலம் வேண்டும். பொது இன்டர்நெட்டில் சாதாரண வெப்சைட் மாதிரி நிற்கிற ஒரு சர்வரை வாடகைக்கு எடுக்க வேண்டும். யாராவது வந்தால் அது திரும்பி டோருக்குள் போய் ஆனியன் தளத்திலிருப்பதை எடுத்து வந்து தர வேண்டும். வீடியோக்களையே அந்த வாடகை சர்வரில் வைத்துவிட்டால் வேலை மிச்சம்தான். ஒரு குடும்பத்தின் பேச்சை ஊர் பேர் தெரியாத கம்பெனியின் டிஸ்க்கில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் இருக்கட்டும், பாலம் வெறுமனே தாண்டிப்போக மட்டும் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

‘செவ்வாய்க்கிழமை வரை நேரம் கொடுங்கள்’ என்று அவர் போனிலேயே எழுதினேன். அவர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், தலையாட்டினார், கிளம்பிப் போய்விட்டார். ஏன், எப்படி என்று ஒரு கேள்வி இல்லை.

செவ்வாய் மதியம் பாலம் தயாரானது. இனி ஆனியன் முகவரியை என் கணவருக்குத் தெரியப்படுத்த வேண்டும். சர்வரை நடுவில் ஒரு தடவை மாற்றியதில் பழைய முகவரி போய்ப் புதியது வந்திருந்தது. ஐம்பத்தாறு எழுத்துகள். அர்த்தமே இல்லாத ஆங்கில எழுத்துகளும் எண்களும். ஒன்று பிசகினாலும் திறக்காது. போனில் வாய்விட்டுப் படிப்பதைத் தவிர வழியில்லை.

“பேனா இருக்குதுங்களா? நாலு நாலா சொல்றன். பதினாலு வாட்டி. எல்லாமே சின்ன எழுத்து. ரெண்டுல இருந்து ஏழு வரைக்குந்தான் நெம்பரு வரும். ஒண்ணு, சைபரு, எட்டு, ஒம்பது வராது.”

“சொல்லு சொல்லு.”

“பி…”

“எந்த பி? பரமத்திக்குப் போடுறதா?”

“இல்லீங்க, பஸ்ஸுக்குப் போடுற பி.”

“ம். பொறவு?”

“எம். மல்லசமுத்திரத்து எம். நாலு. டி, டீக்கடைக்குப் போடுற டி.”

மூன்று தடவை லைன் அறுந்தது. ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். அவருக்குப் பின்னால் கம்ப்ரசர்காரர் ஒவ்வொரு எழுத்தையும் திரும்பச் சொல்லிச் சரிபார்ப்பது எனக்குக் கேட்டது. கடைசி எழுத்தைச் சொன்னபோது அவர் சட்டை நனைந்திருக்கும், என் ரவிக்கை நனைந்திருந்தது.

திறக்கவில்லை.

“எங்கயோ தப்பு இருக்குது அம்மிணி. முகவரியே செல்லாதுங்குது.”

“மறுபடி நீங்க படிங்க, நான் பாக்குறன்.”

படித்தார். பதினோராவது நாலில் எம் என்றார்.

“எம் இல்லீங்க, என்! நாமக்கல்லுக்குப் போடுற என்!”

“அடக் கண்றாவியே. நாமக்கல்லுன்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்றார். சிறிது நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, “சோறு ஆச்சான்னு கேக்குது புள்ள” என்றார். அந்த வரியை நான் அழிக்க மறந்திருந்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் கடலும் பாலையும் கிடந்தன, ஒரு நாட்டின் அரசாங்கமே கதவை இழுத்துச் சாத்தியிருந்தது. ஃப்ரிட்ஜ் மேலிருந்த பெட்டியில் பச்சை விளக்கு எப்போதும்போல மினுக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு இளம்பிள்ளைக்குப் போனேன். கடையின் பின்கட்டில் அடுக்கடுக்காகச் சேலைகள்; நடுவில் ஐந்தாறு பெண்கள் மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். அவர் போனில் பாலத்தின் முகவரியை அடித்தேன். பாஸ்வேர்டு போட்டேன். பக்கம் வந்தது. அதில் காலையில் ஏறியிருந்த ஒரு வீடியோ, முப்பது விநாடி.

அழுத்தினார். வட்டம் சுற்றியது. ஒரு நிமிடம் போனது. பக்கத்திலிருந்தவர்கள் மடிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். படம் பாதி வந்து நின்றது; சிவப்பு மண், லாரி டயர், ஒருவரின் நெஞ்சு வரை. பிறகு கைகள் அசைந்தன.

ஒன்றுமே எனக்குப் புரியவில்லை. விரல்கள் சேர்ந்தன, பிரிந்தன, நெற்றிக்குப் போயின, வயிற்றைத் தட்டின. அந்தப் பேச்சு முழுக்க என் சர்வர் வழியாக, என் பாலம் வழியாக வந்திருந்தது. அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் ஒட்டுக்கேட்க முடியாது. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அவர் பதில் சொல்லத் தொடங்கினார். அது முன்பே எடுத்த வீடியோ, அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் போனைச் சேலை அடுக்கில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் வேகவேகமாகப் பேசினார். ஓரிடத்தில் சத்தமில்லாமல் சிரித்தார், தோள்கள் குலுங்கின. முடிந்ததும் எனக்காக எழுதிக் காட்டினார்.

‘சமையல்காரர் மாறிவிட்டார். குழம்பில் உப்பு அதிகம் என்கிறார்.’

மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம், “ஏனுங்க, இதெல்லாம் நீங்களே கட்டுனதுங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு முனையை நான் கட்டினேன், நடுவை யார் யாரோ கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் சரியென்று தலையாட்டினார்.

நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் பாலம் நின்றுவிட்டது. வாடகை சர்வர் கம்பெனியிலிருந்து மெயில்: உங்கள் சர்வர் வழியாக ஒரு மோசடித் தளம் காட்டப்பட்டதாகப் புகார் வந்திருக்கிறது, நிறுத்தி வைத்திருக்கிறோம். தப்பு என்னுடையதுதான். அவசரத்தில் பாலத்தை எந்த ஆனியன் முகவரிக்கும் போகிற மாதிரி திறந்தே வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அவசரம் மட்டுமல்ல. யார் வேண்டுமானாலும் தாண்டிப் போகட்டுமே என்று ஒரு பெருமையும் இருந்தது. எவனோ அதைக் கண்டுபிடித்து, யாரையோ ஏமாற்றும் பக்கத்துக்கு என் வாசலைப் பயன்படுத்தியிருக்கிறான். அங்கே யார் என்ன இழந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நடந்ததை மறைக்காமல் எழுதி அனுப்பினேன். இனி எங்கள் வீட்டு முகவரியைத் தவிர வேறெங்கும் போகாதபடி பாலத்தைக் கட்டிப்போட்டேன். வருகிறவர்களைப் பற்றிய குறிப்பு எதுவும் சர்வரில் தங்காதபடியும் செய்தேன். அதையும் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஒன்றரை நாள் கழித்துத் திறந்துவிட்டார்கள். அந்த ஒன்றரை நாளும் இளம்பிள்ளையிலிருந்து என் போனுக்கு மணிக்கு ஒரு தடவை ஒரு கேள்விக்குறி மட்டும் வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது வாரம் அங்கே தடையை எடுத்தார்கள். வீடியோ கால் திரும்ப வந்தது. எங்கள் பக்கத்துக்கு யாரும் வரவில்லை. நான் பாலத்தை நிறுத்தி, வாடகை சர்வரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ரிக் திரும்பியது சித்திரையில். கம்ப்ரசர்காரர் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சர்வர் எது என்று கேட்டார். காட்டினேன். அவர் ஏதோ பெரிதாக எதிர்பார்த்திருக்க வேண்டும். டிபன் பாக்ஸைவிடச் சின்னதாக இருந்த அந்தப் பெட்டியைக் கண்டு மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண் இரண்டு விரலால் அதன் அளவைக் காட்டி அவரிடம் ஏதோ சொன்னார்.

“அப்ப நடுவால இருந்ததெல்லாம் ஆருங்கக்கா?” என்று கம்ப்ரசர்காரர் என்னிடம் கேட்டார்.

“தெரியாதுங்க.”

“பேருகூடத் தெரியாதுங்களா?”

“நமக்குத் தெரியக் கூடாது, நாம யாருன்னு அவங்களுக்கும் தெரியக் கூடாதுன்னுதான் அப்படிக் கட்டியிருக்காங்க.”

அவர் இதை மனைவிக்குக் கையால் சொன்னார். சொல்ல நேரமாயிற்று. கடைசியில் அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, ஒரு கையை நெஞ்சில் வைத்து, மறு கையை வெளியே, சன்னலுக்கு அப்பால், விரித்துக் காட்டினார். அது சைகை மொழியில் ஒரு சொல்லா, இல்லை அவராகச் செய்ததா என்று நான் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு மாலையில் உட்கார்ந்து ஒன்றைத் தேடிப் படித்தேன். என் கணவரின் போன் அந்தத் தடையைத் தாண்டியது எப்படி என்று நான் அதுவரை முழுதாகப் படித்ததில்லை. முதல் அடியை எடுத்து வைக்க, எங்கோ ஒரு தன்னார்வலர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கடன் கொடுத்திருக்கிறார். அதற்கும் சொந்த முகவரி தேவையில்லை. எங்களைப் போன்ற கேபிள் கனெக்‌ஷனே போதும்.

அப்படிக் கடன் கொடுக்கிற புரோகிராமை எங்கள் பெட்டியிலும் போட்டேன். யார் வருகிறார்கள், எந்த நாடு, எங்கே போகிறார்கள், அது எதையும் சொல்லாது. மணிக்கு ஒரு வரி எழுதும். முதல் வரிக்காக நான் சமையலறையிலேயே ஸ்டூல் போட்டுக் காத்திருந்தேன். என் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “என்ன சொல்லுது?” என்றார்.

“போன ஒரு மணி நேரத்துல நம்ம பொட்டி வழியா நாலு பேரு போயிருக்காங்களாம்.”

“ஆரு அந்த நாலு பேரு?”

“தெரியாதுங்க” என்றேன்.

அவர் கத்தியை வைத்துவிட்டு வந்து, என் தோளுக்கு மேலாகக் குனிந்து, அந்த வரியைத் தானும் ஒரு தடவை படித்தார்.