வெள்ளைச் சாக்லெட்டும் என் கடைப் பழுப்புப் பாலும்

பஸ் ஸ்டாண்டில் குளிர்பெட்டி வைத்து வியாபாரம் செய்கிறவனிடம் தாகத்துக்கு வாங்க வருகிறவர்கள் பாதிப் பேர். தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை நம் வாயால் ஆமாம் என்று சொல்ல வைக்க வருகிறவர்கள் மீதிப் பேர். கடை வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்களுக்கும் புரியும். இரண்டையும் செய்தவர்கள் இருந்தால் என் பக்கத்தில் வந்து உட்காரலாம், இடம் இருக்கிறது.

என் கடை திண்டிவனத்தில். நான் ஐந்தாவது வரை படித்தவன். பெரிய விஷயம் எதுவும் தெரியாது. ஆனால் யார், எந்த இடத்தில், என்ன சொன்னார்கள் என்பதை மறக்க மாட்டேன். என் குளிர்பெட்டியின் மேல்தட்டில் வெள்ளைச் சாக்லெட் இருக்கும், கீழ்த்தட்டில் பாட்டிலில் அடைத்த சாக்லெட் பால் இருக்கும். அந்த இரண்டினால் எனக்கு வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எழுதியிருப்பது

பக்கத்துக் கிராமமான பிரம்மதேசத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் ஒரு பெண் குழந்தை. கன்னம் ஒட்டிப்போய், பார்க்கவே பாவமாக இருந்தது. "ரெண்டுல எது சத்துங்க?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு காலேஜ் பெண்ணிடம் இரண்டையும் கொடுத்து, மேலே எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லச் சொன்னேன். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்களாம். வெள்ளைச் சாக்லெட்டில் முதலில் சர்க்கரை. அடுத்தது கொக்கோக் கொட்டையின் கொழுப்பு. அதற்கப்புறம்தான் பால் பவுடர். கொக்கோத் தூள் சேர்க்காததால்தான் அது வெள்ளையாக இருக்கிறதாம். பாட்டிலில் முதலில் பால், பிறகு சர்க்கரை, கடைசியில் கொஞ்சம் கொக்கோத் தூள்.

"கேட்டீங்களாம்மா, பாலை வாங்கிக் குடுங்க" என்றேன். அந்த அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெள்ளைச் சாக்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். காலேஜ் பெண்ணுக்கும் எனக்கும் சேர்த்தே பதில் சொன்னார்: "எழுதறவன் ஆயிரம் எழுதுவான். வெள்ளையா இருக்கறதுதாங்க பாலு. சேத்துத் தண்ணி கலர்ல இருக்கறதை பாலுன்னு சொன்னா, நான் என்ன கண்ணு தெரியாதவளா?"

பெண் பார்க்க வந்த அன்று

அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே பேச்சை என் வீட்டில் வந்து பேசியவர் மேல்தான் கோபம். என் மகள் தேன்மொழியைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வந்தார்கள். நல்ல வெயில். இந்த வெயிலில் காப்பி எதற்கு என்று, கடையிலிருந்து சில்லென்ற சாக்லெட் பாலைக் கொண்டுவந்து டம்ளர்களில் ஊற்றிக் கொடுக்கச் சொன்னேன். தேன்மொழிதான் தட்டை நீட்டினாள். மாப்பிள்ளைப் பையன் ஒரே மூச்சில் குடித்தான். அவன் அம்மா டம்ளரை வாங்கி உள்ளே பார்த்தார். பிறகு என் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் டம்ளரைப் பார்த்தார்.

மாப்பிள்ளை நல்ல பையன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு செல்போன் கடையில் வேலை செய்கிறான். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் அவனும் என் நிறம்தான். அதை யாரும் டம்ளரோடு வைத்துப் பார்க்கவில்லை. கல்யாணம் நடந்தது, விருந்து நடந்தது, எல்லாம் முறையாகவே நடந்தது. ஆனால் அன்று மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்ன வார்த்தை என் காதில் அப்படியே இருக்கிறது: "பாலும் கலரு கம்மி, பொண்ணும் கலரு கம்மி. பரவால்லீங்க சம்பந்தி, குணம் நல்லா இருந்தா போதும்."

வெள்ளையடிக்க வந்தவர்

தேன்மொழி மாசமானாள். நாலாம் மாதம் போன் செய்தபோது குரலே இறங்கிப்போயிருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். அத்தை காலையிலும் மாலையிலும் வெள்ளைச் சாக்லெட் தருகிறார், குழந்தை நிறமாகப் பிறக்குமாம் என்றாள். டீ கூடாதாம், கறுப்புத் திராட்சை கூடாதாம், கேழ்வரகு கூடாதாம். கறுத்தது எதுவும் அந்த வீட்டு அடுப்படிக்குள் வரக்கூடாது என்று உத்தரவு.

மறுநாளே ஈரச் சாக்கில் ஐஸ் வைத்து, சாக்லெட் பால் பாட்டில்களைச் சுற்றி எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன், வேட்டியெல்லாம் நனைந்துவிட்டது. சம்பந்தியம்மா வாங்க என்று சொல்லி உட்கார வைத்தார். குறை சொல்ல முடியாது. பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த வீட்டுக்கு அன்று வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். ஏணிக்குக் கீழே சுண்ணாம்புக் கையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் பாட்டில்கள் அத்தனையும் காலியாகக் கிடந்தன. என்னைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாக எழுந்து நின்று கேட்டார்: "நீங்க கொண்ணாந்ததாண்ணே? ரொம்ப ஜோரா இருந்துச்சு. நாளைக்கும் வேலை இருக்குது, வர்றீங்களா?"

லைன்காரர்

அதன் பிறகு பாட்டில்களை அந்த வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. செல்போன் கடைக்குப் போய் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுவேன். அவர் அம்மாவுக்குத் தெரியாமல் சட்டைக்குள் மறைத்து எடுத்துப்போய்க் கொடுப்பார். மகள் குடித்துவிட்டேன் என்று போனில் சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

கடையில் வெள்ளைச் சாக்லெட் வாங்குவதையும் நிறுத்தினேன். மேல்தட்டு காலியாகவே கிடந்தது. ஒரு நாள் வல்லத்துக்காரர் ஒருவர் வந்து, சம்சாரம் முழுகாமல் இருக்கிறாள், வெள்ளைச் சாக்லெட் வேண்டும் என்றார். இல்லை என்றேன். முட்டை வாங்கிக் கொடுங்கள் என்றும் சொன்னேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். எதிர்க்கடைக்காரன் அவருக்கு இரண்டாகவே கொடுத்தான். எனக்குத் தெரியட்டும் என்று தூக்கிக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தான். அதையும் பார்த்து வைத்திருக்கிறேன்.

வாரா வாரம் வேனில் சரக்குக் கொண்டுவரும் லைன்காரர் காலித் தட்டைப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். என் மகளுக்கு எத்தனையாவது மாதம் என்றும் விசாரித்தார். கடைசியில் சாக்லெட் பெட்டியைத் திரும்ப வேனில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "மொதலாளி, சம்பந்தியம்மா மேல கோவம்னா விழுப்புரம் போயி சண்டை போடுங்க. இங்க உக்காந்துக்கினு என் டார்கெட் மேல சண்டை போட்டா அவங்களுக்கு எப்படிங்க வலிக்கும்?"

கீழிமை

ஏழாம் மாதப் பரிசோதனைக்குத் தேன்மொழியை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். நர்ஸம்மா என் மகளின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சம்பந்தியம்மா கேட்ட வெள்ளை அங்கேதான் வந்திருந்தது.

"என்னம்மா சாப்புடற?" என்று நர்ஸம்மா கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மா, "தெனமும் வெள்ளைச் சாக்லெட் குடுக்கறோம்மா. அவ்வளவும் பாலு" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "அதுல மொதல்ல சர்க்கரைதாங்க. நான் குடுத்தனுப்பற சாக்லெட் பால்லதான் பால் மொதல்ல" என்று சொல்லிவிட்டேன். மறைத்துக் கொடுத்தது அந்த இடத்தில் வெளியே வந்துவிட்டது. சம்பந்தியம்மா தன் மகனைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸம்மா எங்கள் இருவரையும் கையமர்த்தினார். "அந்த சாக்லெட்ல சர்க்கரையும் கொழுப்பும்தான் ஜாஸ்தி. ஒரு துண்டு தின்னா வயிறு மந்தமாயிடும், அப்புறம் சோறு எறங்காது. பெரியவர் சொல்ற பாலு அதுக்குத் தேவலாம். எலும்புக்கு நல்லது. ஆனா அதுலயும் சர்க்கரை இருக்குது. ரத்தம் ஊற ரெண்டுமே உதவாது. கலருக்கும் ரெண்டுக்கும் சம்பந்தமே கெடையாது." பிறகு தேன்மொழியைக் கேட்டார்: "இரும்பு மாத்திரை போடறியா?"

"போடறேங்க. அப்பா குடுக்கற பால்லதான் முழுங்கறேன்."

"பாலோட போட்டா மாத்திரை சத்து சரியா ஒடம்புல சேராதும்மா."

சம்பந்தியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதையும் நான் மறக்கவில்லை. இப்படியே போனால் பிரசவத்தின்போது ரத்தம் ஏற்ற வேண்டிவரும், குழந்தைக்கும் எடை பற்றாது, தாய்க்கே ஆபத்து என்று நர்ஸம்மா சொன்னார். "உனக்கு என்னதாம்மா சாப்புடணும்னு தோணுது?" என்று அவர் கேட்டதும் என் மகள் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாள்: "கேப்பைக் களியும் காரமா கருவாட்டுக் கொழம்பும். மாசக்கணக்கா கேட்டுக்கினு இருக்கேன். ஒருத்தர் வெள்ளையா இனிப்பு குடுக்கறீங்க, ஒருத்தர் கறுப்பா இனிப்பு குடுக்கறீங்க. என் நாக்கை யாரு கேட்டீங்க?"

காது மடல்

அந்த மாதமே வளைகாப்புப் போட்டு மகளை அழைத்து வந்துவிட்டோம். சம்பந்தி வீட்டார் வைத்த சீர்த்தட்டுகளில் வளையலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய வெள்ளைச் சாக்லெட் இருந்தது. என் சம்சாரம் அதை வந்திருந்த பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டாள். வீட்டில் கேப்பைக் களி கிண்டினோம். முருங்கைக்கீரை, முட்டை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை வேகவைத்து, கேட்டபோதெல்லாம் கருவாட்டுக் குழம்பு. மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு கொடுத்தோம். ஒவ்வொரு பரிசோதனையிலும் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஆனாலும் வலி எடுத்துத் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, எதற்கும் ரத்தம் கொடுக்க ஆள் தயாராக இருக்கட்டும் என்றார்கள். மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக் கதவருகிலேயே நின்றார். பெஞ்சில் அந்தக் கோடியில் சம்பந்தியம்மா, இந்தக் கோடியில் நான். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என் மகளுக்காகத்தான் வேண்டுகிறார் என்று தெரிந்தது. தெரிந்தும் நான் பேச்சுக் கொடுக்கவில்லை.

ரத்தம் ஏற்ற வேண்டிவரவில்லை. மகளும் பிழைத்தாள், பேத்தியும் பிழைத்தாள். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். என்ன எடை என்று நான் கேட்டேன். கொஞ்சம் கம்மிதான், பயப்பட வேண்டாம், தாய்ப்பால் குடித்தால் தேறிவிடும் என்றார். சம்பந்தியம்மா அதற்குள் குழந்தையைக் கையில் வாங்கி, அதன் காதை மடக்கி, மடல் ஓரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்த குழந்தையின் நிஜமான நிறம் காது மடலில் தெரியும் என்பார்கள். என்ன தெரிந்ததோ, அவர் முகம் வாடியது. எனக்கு வாயில் நன்றாக ஒரு வார்த்தை வந்தது. பேத்தி வீறிட்டதில் அதை விழுங்கினேன். நர்ஸ் அவர் கையை மெதுவாக விலக்கிவிட்டுச் சொன்னார்: "காதை அப்புறம் பாருங்கம்மா, வாயைப் பாருங்க. பசியில அழுவுது, ஜல்தி அதோட அம்மாகிட்ட குடுங்க."

பேத்தி தாய்ப்பால் குடித்து மாதா மாதம் எடை கூடி வருகிறாள். விழுப்புரத்தார் மேல் எனக்குள்ள கோபமும், யாரும் அதற்கு எந்தப் பாலும் வார்க்காமலே, எடை குறையாமல் நல்ல சத்தாக இருக்கிறது.