பசு தின்ற படம்

நாற்பத்து மூன்றாம் வருஷம், கோடை விடுமுறை. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் எங்கள் சித்திர சங்கத்தின் கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. முந்தின வருஷம் ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவிட்டதால் கண்காட்சி நடக்கவில்லை. ஓடினவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பியிருந்தார்கள். இந்தத் தடவை எப்படியும் நடத்திவிடுவது என்று தீர்மானம் போட்டோம்.

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மொத்தம் இருபது பேர். காரியதரிசி ஒரு வக்கீல். ஒரு பல் டாக்டர், அச்சாபீஸில் பிளாக் செய்கிற ஒருவர், இரண்டு டிராயிங் மாஸ்டர்கள், சர்க்கார் குமாஸ்தாவான நான், இப்படி. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையிலோ குளக்கரையிலோ உட்கார்ந்து படம் போடுவோம். பிறகு ஒருவர் படத்தை மற்றவர் குறை சொல்வோம். வரைவதில் எப்படியோ, குறை சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த டிராயிங் மாஸ்டர்களில் ஒருவர் பட்டாளத்தில் வரைபடம் போடும் வேலைக்குச் சிங்கப்பூர் போயிருந்தார். சாந்தோம்காரர். சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்த பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதம் கூட இல்லை. இருக்கிறாரா, இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அவருடைய படம் ஒன்றை முதல் எண் போட்டு வாசலுக்கு நேரே மாட்ட வேண்டும் என்று காரியதரிசி சொன்னார். படத்தை அவருடைய மனைவியிடம் கேட்டு வாங்கி வருகிற வேலை என் தலையில் விழுந்தது.

அந்த அம்மாள் ஒரு கான்வென்ட் பள்ளியில் தையல் டீச்சர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். குழந்தைகள் இல்லை. இரண்டு தடவை போய்க் கேட்டும் முடியாது என்றுவிட்டார். அவரிடம் இருந்ததே அந்த ஒரு படம்தான். கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம் அவர் கணவர் கரித்துண்டால் வரைந்தது. சாந்தோம் கடற்கரை, அலைகளைத் தாண்டிப் போகிற ஒரு கட்டுமரம். மூன்றாம் தடவை போனபோது நான் கொஞ்சம் நாடகமே ஆடினேன். "படத்துக்கு ஒரு கீறல் விழாது, நான் பொறுப்பு டீச்சர்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய், சுருட்டிய தாளை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

யுத்த காலத்தில் படத்துக்குச் சட்டம் போடக் கண்ணாடி கிடைக்காது. அதனால் எல்லாப் படங்களையும் ஓரத்தில் பசை தடவி அட்டையில் ஒட்டி மாட்டுவது என்று முடிவு. ரேஷனில் வந்த மைதாவில் பசை காய்ச்சினோம். பசையில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். சுவரில் சினிமா நோட்டீஸ் ஒட்டுகிறவனுக்குக் கூட அது தெரியும். துத்தம் இல்லாவிட்டால் பூச்சி அரிக்கும், மாடு தின்னும்.

"ஓய், துத்தம் போட்டீரா?" என்று வாசலிலிருந்தே கேட்டார் காரியதரிசி.

"போட்டாச்சு, போட்டாச்சு" என்றேன்.

போடவில்லை. துத்தம் சேர்த்தால் வெள்ளைத் தாளில் லேசாக நீலம் ஏறும். கரிப் படத்தின் வெளுப்பு கெட்டுவிடும் என்று என் கலைக் கண்ணுக்குப் பட்டது. நாலு நாள் கண்காட்சிதானே, பூச்சி என்ன அதற்குள் வந்து அரிக்கப் போகிறது என்று நினைத்தேன். பூச்சியைப் பற்றி யோசித்தேனே தவிர, மாட்டைப் பற்றி யோசிக்கவில்லை.

கண்காட்சிக்கு முதல் நாள் மத்தியானம். ஒட்டின அட்டைகளைப் பள்ளிக்கூடத்து முற்றத்தில் சுவரோரம் சாய்த்து வெயிலில் காயவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். கேட்டைச் சாத்தினேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. திரும்பி வந்து பார்த்தால் ஒரு பசு நிதானமாக நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. பல் டாக்டரின் படத்தில் ஒரு மூலை போயிருந்தது. என் மாம்பழப் படத்தை நக்கிப் பார்த்து வேண்டாமென்று விட்டிருந்தது. சாந்தோம் மாஸ்டரின் படம் இருந்த இடத்தில் அட்டை மட்டும் ஈரமாக இருந்தது. கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கிடந்தது. அதில் கொஞ்சம் அலை.

உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத ஒரு மனிதரின் கை வேலை, உலகத்தில் மிச்சமிருந்த ஒன்றே ஒன்று, என் அதிமேதாவித்தனத்தால் மாட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது. யாரிடமும் சொல்லாமல் அந்தத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாந்தோமுக்கு நடந்தேன். வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாமா என்று நின்றேன். கச்சேரி ரோடு அன்றைக்குப் போல் நீளமாக இருந்ததில்லை.

டீச்சர் கதவைத் திறந்ததும் நான் ஒன்றையும் மறைக்கவில்லை. துத்தம் போடாதது, போட்டேன் என்று பொய் சொன்னது, கேட்டைக் கவனிக்காதது எல்லாவற்றையும் சொல்லித் துண்டை நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க பொறுப்புன்னு சொன்னீங்களே சார்" என்றார்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதார். எனக்குப் போகவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வி இது: "கரியும் பசையும் தின்னிருக்கே, மாட்டுக்கு ஒண்ணும் ஆகலியே?"

ஒன்றும் ஆகவில்லை என்றேன். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் போகும்போது, உறவுக்காரர்களையும் மாதா கோயில் சாமியாரையும் வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கேட்கட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். ஆனால் வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார். கடலைப் பார்த்த அறைக்கு என்னைக் கூட்டிப் போய், பின்னால் கதவைச் சாத்தினார். கும்மிருட்டு. எதிர்ச் சுவரில் கிழக்கு ஜன்னல்.

அந்தக் காலத்தில் கடலோர வீடுகளில் ராத்திரி ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவு. எல்லோரும் ஜன்னல் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தோம். இந்த ஜன்னலிலும் ஒட்டியிருந்தது. ஆனால் அந்தக் கறுப்பில் கடல் இருந்தது. ஊசி முனையளவு புள்ளிகள், ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றின் வழியாகவும் காலை வெயில் வந்துகொண்டிருந்தது. அலைகள், அலைகளுக்கு அப்பால் கட்டுமரம், துடுப்புப் போடுகிறவனின் முதுகு வளைவு, இந்தப் பக்கம் நீண்ட மணல், மணலில் தன்னந்தனியாக முதுகு காட்டி நிற்கிற ஒரு சின்னப் பெண் உருவம். வெளியே தென்னையோலை அசைந்தபோதெல்லாம் அலை மின்னி மின்னி மறைந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ஜன்னல மூடணும்னாங்க. மூடிட்டா கடல் தெரியாது. அவரு போன கடலாச்சே" என்றார் டீச்சர். "பூத்தையலுக்கு டிசைன் எடுக்கிற மாதிரி அவரு படத்து மேல டிரேசிங் எடுத்து, இந்தக் கறுப்புத் தாள்ல ஊசியால குத்தினேன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாப்பது நாளும் ஆச்சு. அப்புறம்தான் ஒட்டினேன்."

நான் கை கூப்பினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"ஹால்ல அவரு இடம் காலியா இருக்கக் கூடாது சார். இத உரிச்சா கிழிஞ்சிடும், எடுத்துக்கிட்டு வர முடியாது. ஜனங்கள இங்க அனுப்புங்க" என்றார்.

முந்தின நாள்தான் அவருடைய படத்தை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். அதே ஆளிடம் மிச்சமிருந்ததையும் நம்பித் திறந்துவிடுகிறார். காரியதரிசியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வக்கீல் பாஷையில் என்னை ஐந்து நிமிஷம் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, தானே உட்கார்ந்து ஒரு அட்டை எழுதினார். வாசலுக்கு நேரே முதல் எண்ணுக்குக் கீழே அது தொங்கியது: 'இந்தப் படத்தைச் சாந்தோமில் ஓவியர் வீட்டில் காலை எட்டு முதல் ஒன்பதரை வரை காணலாம்.' அதற்குக் கீழே மாஸ்டரின் பெயர்.

யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் காலையில் முப்பது பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் வரிசை தெருமுனை வரை நின்றது. மாமிகள், மாணவர்கள், மீன் கூடையை வெளியே இறக்கி வைத்துவிட்டு வந்த குப்பத்துப் பெண்கள். ஐந்து ஐந்து பேராக உள்ளே விடுவேன். சலசலவென்று பேசிக்கொண்டு நுழைவார்கள். கதவைச் சாத்தியதும் ஒரு சத்தம் இருக்காது. அந்த நிசப்தத்தில் நான் ஒரு சின்னப் பிரசங்கம் செய்வேன். "மணலில் நிற்கும் அந்த உருவத்தைப் பாருங்கள். அதுதான் படத்துக்கு உயிர். அதை எடுத்துவிட்டால் படமே இல்லை. ஒரு தேர்ந்த ஓவியர்தான் அதை அங்கே வைக்க முடியும்." டீச்சர் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

மூன்றாம் நாள், எந்த வீட்டிலாவது வெளிச்சம் தெரிகிறதா என்று ராத்திரி ரோந்து வரும் ஏ.ஆர்.பி. வார்டன் வந்துவிட்டார். பக்கத்தில் வெற்றிலைபாக்குக் கடை வைத்திருந்தவர். தலையில் இரும்புத் தொப்பி, கழுத்தில் விசில். "இன்னாம்மா இது, கறுப்புத் தாளு ஃபுல்லா ஓட்டை போட்டு வச்சிக்கினு கீறே! கேஸாயிடும், தெரியுமா?" என்று அதட்டிக்கொண்டே உள்ளே போனவர், ஜன்னலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து என்னிடம், "ஒரு வருசமா டெய்லி ரவுண்டு வரேன் சார். மத்த ஜன்னல்ல இடுக்குல ஒரு கீத்து வெளிச்சமாவது தெரியும், இந்த ரூம்ல மட்டும் ஒரு நாள்கூட விளக்கு எரிஞ்சி பாத்ததில்ல. இன்னாடா இந்தம்மா இருட்லயே உக்காந்துகினு கீதேன்னு நெனப்பேன். விளக்கு ஏத்தினா ஓட்டை வழியா வெளிச்சம் வெளிய தெரியும்ல, அதுக்குத்தான் போல கீது" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்களை ஒழுங்காக நிற்கச் சொல்லி விசில் ஊத ஆரம்பித்துவிட்டார்.

கடைசி நாள் கூட்டமெல்லாம் போன பிறகு டீச்சரிடம் விடைபெறப் போனேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "சார், அவரு வரைஞ்ச படத்துல பொம்பளை கிடையாது. வெறும் மணல்தான். அது நானா குத்தினது."

தூக்கிவாரிப் போட்டது. "முதல் நாளே ஏன் சொல்லவில்லை டீச்சர்?"

"நீங்க அவ்வளவு அழகா பேசிக்கிட்டிருந்தீங்க. எப்படிச் சொல்றதாம்?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுருக்கென்று தைத்தது. அந்தப் படத்தைச் சுருள் பிரித்தவன் நான், பசை தடவியவன் நான், வெயிலில் வைத்தவன் நான். அதில் ஒரு பெண் நின்றாளா இல்லையா என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தாளின் வெளுப்பைப் பார்த்தேன், கரியின் அழுத்தத்தைப் பார்த்தேன். படத்தைப் பார்க்கவே இல்லை. நேராக ஹாலுக்குப் போய், கழற்றி வைத்திருந்த அந்த அட்டையைத் தேடியெடுத்து, மாஸ்டரின் பெயருக்குப் பக்கத்தில் அவர் மனைவியின் பெயரையும் என் கையால் எழுதினேன். பார்க்க ஹாலில் யாரும் இல்லை. ஆனாலும் எழுதினேன்.

யுத்தம் முடிந்ததும் ஊரெல்லாம் தேங்காய் நாரும் தண்ணீரும் வைத்து ஜன்னல்களைச் சுரண்டினார்கள். அந்த ஒரு ஜன்னலை யாரும் தொடவில்லை. அடுத்த வருஷம் மாஸ்டர் வந்துவிட்டார். ஆம், உயிரோடு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார், பல் நாலைந்து போயிருந்தது. வந்த மறுநாள் காலையில் நான் ஓடினேன். மாட்டு விஷயத்தை அவரிடம் என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று தவித்தேன். சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. அந்த இருட்டு அறையில் ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். வெயில் புள்ளிகள் அவர் சட்டையெல்லாம் விழுந்திருந்தன. மணலில் நிற்கும் அந்த உருவத்துக்கு நேரே விரலைக் கொண்டுபோனார். தொடவில்லை. பிறகு திரும்பி, எங்கள் சங்கத்திலேயே நன்றாக வரைகிற அந்த மனிதர், தன் மனைவியிடம் கேட்டார்.

"இதப் பாத்து நான் ஒண்ணு வரைஞ்சுக்கட்டுமா?"

அதற்குப் பிறகு நானும் எத்தனையோ படங்கள் வரைந்துவிட்டேன், எத்தனையோ கண்காட்சிகளுக்குப் போய்விட்டேன். ஆனால் எந்தப் படத்துக்கு முன்னால் நின்றாலும் முதலில் என் வாயை மூடிக்கொண்டு, இதை வரைந்தவர் எதைப் பார்க்க முடியாமல் இதை வரைந்தாரோ என்றுதான் இன்றும் யோசிக்கிறேன்.