சிவப்புத் துணி கட்டிய பூண்டு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலாகவாவது கேட்டு நீங்கள் சிரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். பாதி ஆயுளை விதைக்கடையில் கழித்தவன் நான். கள்ளக்குறிச்சியில் என்னிடம் விதை வாங்காத விவசாயி கம்மி. அப்பேர்ப்பட்ட நான், போன ஐப்பசியில் மொட்டைமாடியில் பழைய பெயின்ட் வாளியில் மண் போட்டு, பூண்டு நட்டேன். உரித்து நட்டேன். தோலோடு நட்டால் முளை வெளியே வரக் கஷ்டப்படுமே என்று ஓர் இரக்கம்.

வீட்டுக்காரி துணி காயப்போட வந்தவள் வாளியை எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, உரிச்சி வச்சிக்கிறீங்க? அப்பிடியே தாளிச்சி வச்சிருந்தா வேல முடிஞ்சிருக்குமே."

பத்தாம் நாள் வரை முளை வரவில்லை. விரலை விட்டுக் கிளறினேன். கொழகொழவென்று ஏதோ ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். அழுகிய பூண்டின் நாற்றத்தை நீங்கள் முகர்ந்ததுண்டா? செத்த எலியாவது சில நாளில் அடங்கிவிடும். இது தோலுக்குள் போய்க் குடித்தனம் நடத்தும். அந்த நாற்றத்தோடு நான் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பழகியிருக்கிறேன். மொட்டைமாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை கண்ணுக்கு நேராகத் தெரிகிற ஊர் எங்களுடையது. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பி ஏழுமலை. சித்தப்பா என்று கூப்பிடுவேனே தவிர, என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர். அப்போது கல்யாணம் ஆகவில்லை.

பூண்டு சாதுவான பொருள் இல்லை. சும்மா கிடக்கும்போது அதற்கு வாசனையே கிடையாது. ஓர் அடி போட்டால்தான் தான் யாரென்று காட்டும். எங்கள் வீடும் அந்த ஜாதிதான். அடி விழும்போதுதான் யாருக்கு யார்மேல் பாசம் என்று தெரியவரும். அப்பா அடிக்காத பொருள் எங்கள் வீட்டில் கிடையாது. மாட்டை அடிப்பார், வேப்பமரத்தை அடிப்பார், கரகரத்த ரேடியோவை அடித்தே கொன்றார். ஒரு தடவை தண்ணீர் எடுக்காத மோட்டாரை எட்டி உதைத்துக் கால் கட்டைவிரலை உடைத்துக்கொண்டு, அந்த வலிக்காக என்னை அடித்தார். அம்மா காம்பு வைத்த எதையும் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கமாட்டாள். மண்வெட்டி எருமுட்டை அடுக்குக்குப் பின்னால் இருக்கும். துடைப்பத்தைக்கூட ஒளித்துத்தான் வைப்பாள். அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. சண்டையில் ரசச்சட்டியைத் தூக்கி எறிவாள், குறி தவறாது.

இந்த மனிதர் பூண்டைத் தொடும்போது மட்டும் வேறு ஆள். காலையில் பழைய சோற்றுக்கு நாலு பல் பச்சையாகக் கடிப்பார். மூன்று வகைப் பூண்டு வைத்திருந்தார், மூன்றுக்கும் தனித்தனி வீடு. கடைக்கு வருகிற மாதிரியான பெரிய வெள்ளைப் பூண்டு வலைப்பையில், காற்று வருகிற ஜன்னல் பக்கம் தொங்கும். அது ஆடிக்கு மேல் தாங்காது, அதற்குள் தின்று தீர்த்துவிட வேண்டும். ஒற்றைப் பல்லாக விளைந்த பூண்டெல்லாம் சாம்பல் போட்ட மண்சட்டியில், வாயுத்தொல்லைக்காரர்களுக்காக. மூன்றாவது மலைப்பூண்டு. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் ஒருவர் தாத்தா காலத்தில் கொடுத்த விதை. பல் சின்னது, தோல் செந்நிறம், கடித்தால் கண்ணில் தண்ணீர் வரும். அதைக் காய்ந்த தாளோடு பின்னி அடுப்புக்கு நேர் மேலே உத்தரத்தில் கட்டிவிடுவார். விறகுப் புகை ஏற ஏற அது கரிக்கட்டை மாதிரி கருத்துவிடும். ஆனால் உள்ளே கல்லு. மாசியில் பிடுங்கியது அடுத்த மாசி வரை அப்படியே நிற்கும்.

அந்த மலைப்பூண்டிலும் சமையலுக்கு ஒரு கொத்து, விதைக்கு ஒரு கொத்து. விதைக் கொத்தில் அம்மாவின் பழைய ரவிக்கையிலிருந்து கிழித்த சிவப்புத் துணி கட்டியிருக்கும். ஐப்பசியில் பாத்தி கட்டும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. அம்மாவே தொடமாட்டாள். சித்தப்பா ஒரு வருஷம் வயல் நண்டு சுட்டபோது ஆசைப்பட்டு அதிலிருந்து இரண்டு பூண்டை உருவிவிட்டார். அப்பா அவரைக் கிணற்றுமேடு வரை துரத்தித் துரத்தி அடித்தார். சித்தப்பா திரும்பி வந்து, வீங்கின உதட்டோடு, "நண்டு நல்லாதான்டா இருந்திச்சி" என்று என்னிடம் சொன்னார். அந்த மாதிரி ஆள்.

எனக்கும் அவருக்கும் ஒரு கணக்கு பாக்கி உண்டு. நான் பன்னிரண்டாம் வகுப்பில் பெயிலாகி வந்த அன்று அப்பா சைக்கிள் பம்பை எடுத்தார். முதல் அடியிலேயே என் காறை எலும்பு விட்டுப்போனது. சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியபோது சித்தப்பா நடுவில் வந்து நின்றார்.

"விடுண்ணா. இது பூண்டுத் தோலு மாதிரி கீது, இன்னொரு அடி போட்டா கிழிஞ்சி பூடும். அடிச்சே தீரணும்னா என்ன அடி."

அப்பா அவர் கேட்டதை மறுக்கவில்லை.

பெயிலானவனை யாரோ கருணை காட்டி விதைக்கடையில் சேர்த்துவிட்டார்கள். சேர்ந்த ஆறே மாதத்தில் நான் விஞ்ஞானி ஆகிவிட்டேன். விதை என்றால் புகை படக்கூடாது, காற்றுப் புகக்கூடாது, மருந்து கலந்து மூடி போட்டு வைக்க வேண்டும் என்று நெல்லுக்கும் உளுந்துக்கும் சொல்லிக்கொடுத்ததை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன். வீட்டுக்கு வந்து உத்தரத்தை அண்ணாந்து பார்த்தால் வெட்கமாக இருந்தது. இவ்வளவு பெரிய விதைக்கடைக்காரன் வீட்டில் விதை கரி பிடித்துத் தொங்குகிறதே.

ஆடி மாதம் அப்பா ஆடு வாங்கத் தியாகதுருகம் சந்தைக்குப் போன ஒரு பகலில், சிவப்புத் துணிக் கொத்தை இறக்கினேன். அத்தனையையும் உதிர்த்து, துடைத்து, ஈரத்துணியால் இன்னொரு தடவை துடைத்து, கடையிலிருந்து கொண்டுவந்த பொடியைப் புரட்டி, ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு இறுக மூடி வைக்கோல் போருக்குள் சொருகினேன். உத்தரத்தில் வெற்றிடம் தெரியக்கூடாதே என்று வலைப்பையில் மிஞ்சியிருந்த வெள்ளைப் பூண்டை அந்தத் தாளிலேயே வைத்துக் கட்டி, அதே சிவப்புத் துணியைச் சுற்றித் தொங்கவிட்டேன். திருட வேண்டும் என்றில்லை. ஐப்பசியில் பளிச்சென்ற விதையை அப்பா முன்னால் கொட்டி, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் வாயால் 'பரவால்லடா' கேட்க வேண்டும்.

இரண்டு மாதப் புகையில் வெள்ளைப் பூண்டும் கருத்துப்போனது. கீழேயிருந்து பார்த்தால் அம்மாவுக்கே வித்தியாசம் தெரியவில்லை. நான் என் புத்திசாலித்தனத்தை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

புரட்டாசி முடியும்போது டிரம்மைத் திறந்தேன். உள்ளே இருந்தது பூண்டு இல்லை. சாம்பல் நிறத்தில், முடி முளைத்து, நீர் விட்டு, நுரைத்துக்கொண்டிருந்த ஒரு சமாச்சாரம். ஒரு பல்லாவது தேறாதா என்று முழங்கை வரை விட்டுத் துழாவினேன். தேறவில்லை. அம்மா களைவெட்டப் போயிருந்த நேரத்தில் எருக்குழியைத் தோண்டி எல்லாவற்றையும் புதைத்தேன். பிறகு கை கழுவினேன். சோப்பு, சீயக்காய், எலுமிச்சை, புளி, கடைசியாக மண்ணெண்ணெய். ஒன்றும் எடுபடவில்லை. சோற்றில் கை வைத்தால் குமட்டியது. பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று பயம் வேறு. அதனால் ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தேன்.

எங்கள் ஊரில் ஸ்பூன் என்பது குழந்தைக்கு மருந்து ஊற்றுகிற பொருள். கேழ்வரகுக் களியை ஸ்பூனால் வெட்டி வெட்டிச் சாப்பிடுகிற ஒருவனை எங்கள் தெருவே அதற்கு முன் பார்த்ததில்லை. "ஆபீசர் ஆயிட்டாரு" என்றாள் அம்மா. கடைப் பழக்கம் என்று சமாளித்தேன். சித்தப்பா மட்டும் என் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

அந்த வாரமே பாத்தி தயாராகிவிட்டது. காலையில் அப்பா ஏணி போட்டுச் சிவப்புத் துணிக் கொத்தை இறக்கினார். நான் கூழ் சட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஒரு பூண்டை எடுத்துக் கட்டைவிரலால் கரியைத் துடைத்தார். வெள்ளைத்தோல். நசுக்கினார். உள்ளே சக்கை. அடுப்புச் சூடு தாங்காமல் அத்தனையும் கூடாகியிருந்தன. இன்னொன்றை நசுக்கினார். பிறகு கொத்து முழுவதையும் படியில் அறைந்தார்.

"எவன் வேல இது?"

அப்பாவின் கண் நேராகச் சித்தப்பாவிடம் போனது. நண்டு விஷயம் அவருக்கு மறக்கவில்லை.

"இன்னாடா, மொத்தத்தையும் துன்னுட்டியா? துன்னுட்டு இத்தக் கட்டி வச்சிட்டியா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்தார். அவர் உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. அந்த நேரத்திலும் என் ஸ்பூன் அவருக்கு வேடிக்கையாக இருக்கிறது என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சிரிக்கிறியா" என்றார் அப்பா.

எருமுட்டைக்குப் பின்னால் மண்வெட்டி இல்லை. பாத்தி கட்டுவதற்காக அன்று வெளியே எடுத்திருந்தார்கள். காம்பு சித்தப்பாவின் இடது கன்னத்தில் விழுந்தபோது, பச்சை மட்டையைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம். அவர் கையை உயர்த்தவில்லை. இரண்டாவது அடி காதில். ரத்தம் காதுக்குள்ளிருந்து வந்தது, வெளியிலிருந்து இல்லை. மூன்றாவது முழங்காலில். விழுந்தவரை அப்பா மிதித்தார். அம்மா கொதிக்கிற கஞ்சித் தண்ணீரைக் கொண்டுவந்து அப்பாவின் காலில் ஊற்றினாள். அவர் அலறிக்கொண்டே அம்மாவின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். அப்புறம்தான் பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து பிரித்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். 'நான்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். திறந்த வாயில் ஸ்பூனை வைத்துக்கொண்டேன். அடி விழுந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் அது என் பல்லில் தடதடத்துக்கொண்டிருந்தது. காறை எலும்பின் சத்தம் எனக்கு அவ்வளவு நன்றாக ஞாபகம் இருந்தது.

சித்தப்பா ஒரு துண்டைக் காதில் அழுத்திக்கொண்டு, சட்டைகூடப் போடாமல் நொண்டி நொண்டி பஸ் நிற்கிற இடத்துக்குப் போனார். திருக்கோவிலூரில் ஓர் அரிசி மில்லில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது. இடது காது போயே போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை அவர் மிதிக்கவே இல்லை. அப்பா செத்தபோதுகூட நேராகச் சுடுகாட்டுக்கு வந்து, நின்று, அப்படியே போய்விட்டார்.

கால் கொப்புளம் ஆறியதும் அப்பா விதை கேட்டு மலைக்குப் போனார். வெள்ளிமலையைச் சுற்றி நாலு நாள் அலைந்திருக்கிறார். பூண்டு இருந்த கொல்லையெல்லாம் மரவள்ளியாகிவிட்டதாம், அந்தச் செந்தோல் வகை யாரிடமும் இல்லை. வெறும் பையோடு திரும்பி வந்து, உத்தரத்தில் பூண்டு தொங்கிய ஆணியைச் சுத்தியால் அடித்தே உள்ளே இறக்கினார். அதற்கப்புறம் அவர் மலைப்பூண்டு பற்றிப் பேசி நான் கேட்கவில்லை. தம்பியைப் பற்றியும்தான்.

இப்போது அந்த வீடு இல்லை, இடித்து மாடி கட்டியாகிவிட்டது. விறகடுப்பு இல்லை, ஆகவே புகையும் இல்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். கடைப் பூண்டு நுரை மாதிரி வெள்ளையாக வருகிறது. பச்சையாகக் கடித்தால் வெள்ளரிக்காய் மாதிரி இருக்கிறது, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வருவதில்லை. அந்தப் பூண்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களில் மிச்சம் இருப்பது இரண்டே பேர். நானும் சித்தப்பாவும்.

பெயின்ட் வாளி நாற்றம் கையை விட்டுப் போகாத மூன்றாம் நாள், வண்டியை எடுத்துக்கொண்டு ரிஷிவந்தியம் வழியாகத் திருக்கோவிலூர் போனேன். சித்தப்பா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை. சித்தி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஆரம்பித்தேன். சந்தைக்குப் போன நாள், நீல டிரம், பொடி, எருக்குழி, ஒன்று விடாமல். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பத்து நிமிஷம் பேசியிருப்பேன். அவர் ரோட்டில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு திரும்பி, "இன்னாடா, வந்ததுலேந்து மொணமொணன்னு இன்னாமோ சொல்லிக்கினு கீற? அது செவுட்டுக் காது. இந்தாண்ட வந்து குந்து" என்றார்.

முப்பது வருஷம் அடைகாத்த மன்னிப்பை, நானே செவிடாக்கிய காதில் ஓதியிருக்கிறேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். மறுபடி முதலிலிருந்து சொல்லத் தெம்பில்லை. ஒரு வரிதான் வந்தது.

"சித்தப்பா, அந்த வெதப் பூண்ட அழுவ வச்சது நான்தான்."

அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னார்.

"நீ ஸ்பூன்ல துன்னப்பவே தெரியும்டா."