முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிணம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் தங்கை நடித்த படத்தை எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் போட்டார்கள். கோலாலம்பூரில் பார்த்தவர்கள் அவள் நடிப்பைப் பிரமாதம் என்றார்களாம். இந்த மகராசிக்கு அது போதவில்லை.

“நம்ம தோட்டத்து லயத்து வீட்டு ஆளுங்கள்ல ஒருத்தர் கண்ணு கலங்கினா போதும்க்கா. இல்லன்னா நடிப்ப விட்டுட்டு பழைய கடை வேலைக்கே போயிடறேன்” என்றாள். சொன்னால் செய்துவிடுவாள், அப்படி ஒரு பிடிவாதக் கழுதை.

கதை இதுதான்: கொழுந்து பறிக்கிற அம்மா செத்துப்போகிறாள், மகள் அழுகிறாள். மகள் என் தங்கை. பிணம், எங்கள் பக்கத்து வீட்டு அத்தை. செலவு மிச்சம் என்று டைரக்டர் செய்த வேலை. குளிருக்குக் கம்பளி போர்த்திப் படுக்கவைத்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது? படப்பிடிப்பன்று அந்தப் பிணம் மூன்று தடவை குறட்டை விட்டது. தோட்டம் முழுக்க அது தெரியாதவர்கள் இல்லை.

பொய் சொல்லக்கூடாது, தங்கை நன்றாகவே நடித்தாள். பிணத்தின் காலைப் பிடித்துக்கொண்டு அவள் கதறியதில் ஒரு பிசகு சொல்ல முடியாது. ஆனால் செத்தவள் முன்வரிசையில் உட்கார்ந்து கச்சான் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாளே!

“அத்தே, எந்திரிங்க லா! நாளைக்கு காலைல வேலைக்குப் பெரட்டுல பேரு கூப்ட்டா யாரு பதில் சொல்றது?” என்று கங்காணி திரையைப் பார்த்துக் கத்தினார்.

“சும்மா கெடய்யா, நானே என்னைய இப்பத்தான் பாக்குறேன்” என்றாள் அத்தை.

மண்டபமே சிரித்தது. படம் முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள், பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு கண்ணில்கூட ஈரமில்லை. சிரித்த அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி அறையலாம் போலிருந்தது. நானும் சிரித்தேன் என்பது வேறு விஷயம்.

தங்கை நேராக அத்தையிடம் போனாள். “உங்களாலதான் எல்லாம் கெட்டுச்சு.”

அத்தை கச்சான் தோலைத் தட்டிவிட்டாள். “என்னால இல்லடி. நான் இல்லன்னாலும் இவங்க அழுதிருக்க மாட்டாங்க. ஒங்கம்மா செத்த அன்னிக்கு ஒன்னையப் பாத்தவங்கதானே எல்லாரும்?”

தங்கை திரும்பிப் போகப் பார்த்தாள், அத்தை கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“எழவு வீட்டுல அடுப்பு மூட்டக்கூடாதுன்னு எத்தன பேரு கத்துனோம்? கேட்டியா நீ? ஒரு சொட்டு அழல. வந்தவன் போனவனுக்கெல்லாம் டீ போட்டுக்கிட்டே இருந்த. அந்த டீய வாங்கிக் குடிக்க முடியாம நான் அழுதேன்டி. இந்தக் கங்காணி அழுதான். அதப் பாத்த கண்ணுக்கு இதுல என்னத்த அழுக வரும்?”

அன்றைக்கு அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று திட்டியதில் நான்தான் முதல் ஆள்.

தங்கை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். முகம் கோணி, மூக்கு ஒழுகி, பார்க்கச் சகிக்காத ஓர் அழுகை வந்தது அவளுக்கு. அத்தை அவளை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

“அன்னிக்கு டீ போடறத நிறுத்திட்டா அடுத்து என்ன செய்றதுன்னு தெரியலக்கா” என்றாள் என்னைப் பார்த்து.