முதல் தோணியின் முறை

பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் துணிக் கிடங்கு என் கணவரின் பொறுப்பில் இருந்தது. நாங்கள் குடியிருந்த வீடும் அந்த வேலையோடு வந்ததுதான். ஏற்றி முடிவதற்குள் நேரமாகி, முந்தைய கப்பல் பாதிச் சரக்கை விட்டுவிட்டுப் போயிருந்தது. இன்னொரு முறை அப்படி நடந்தால் வேலை இல்லை என்று துரை சொல்லிவிட்டார். கைக்குழந்தையோடு எங்கே போவது என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

துணிப்பொதிகளை ஏரி வழியாகக் கடலில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோவது மீனவர்களின் தோணிகள். எல்லாத் தோணிகளும் ஒரே நேரத்தில் துறையில் வந்து முட்டிக்கொள்ளும். கிடங்குக்குள்ளோ, முதலில் போகவேண்டிய பொதி அடியில் கிடக்கும். இதே ஆட்கள் ஏரியில் சண்டையில்லாமல் மீன் பிடிக்கிறார்களே என்று யோசித்தேன். எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று அவர்களுக்குள் ஒரு முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள்.

"துறைக்கும் பாடு வெச்சா என்னங்க?" என்று கணவரிடம் கேட்டேன். கேட்ட மறுகணமே, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அவருக்கோ அது பிடித்துப்போயிற்று. மீனவர்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொண்டார்கள். முதல் தோணிக்கான பொதிகள் வாசலோரம், கடைசித் தோணிக்கானவை பின்சுவரோரம் என்று கணவர் கிடங்கையே மாற்றி அடுக்கவைத்தார்.

கப்பல் வந்த காலையில் தோணிகள் வரிசையாக நின்றன. பொதிகளும் தயார். ஆனால் ஒருவரும் அசையவில்லை. முதல் முறைக்காரர் வரவில்லை.

"அடுத்த தோணியில ஏத்துங்களேன்," என்றார் கணவர்.

"இன்னா சாமி இப்டி சொல்றீங்க? எங்க நைனா காலத்துலேர்ந்து அடுத்தவன் பாடுன்னா தொட மாட்டோம்," என்றார் இரண்டாம் முறைக்காரர்.

"பாடு வெக்கச் சொன்னதே நீங்கதான்," என்று சிரித்தார் இன்னொருவர். "வெச்சாச்சி. நிக்கிறோம்."

யோசனை என்னுடையது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வராதவரின் குப்பத்துக்கு ஓடினேன். அவர் காய்ச்சலில் கிடந்தார். மனைவி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, இப்டி வேர்த்துக் கொட்டிக்கினு வந்துகிற?"

"இன்னிக்கு உங்க பாடு வேணாம்னு நீங்க வந்து சொன்னாதான் மத்தவங்க பொதியத் தொடுவாங்களாம்."

"அப்போ அடுத்த கப்பலுக்கு எங்களுக்குத்தான் மொதப் பாடு. சரியா?"

சரி என்றேன். அப்படிச் சொல்ல எனக்கென்ன அதிகாரம் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

அவள் கரையில் நின்று கத்தினாள்: "எங்க பாடு வுட்டாச்சி! தூக்குங்க, இன்னா வேடிக்க?"

அதன்பின் கண்டதை இன்னமும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. ஒரு தோணி விலகும்போதே அடுத்தது அந்த இடத்தில் நின்றது. கூச்சல் இல்லை. கிடங்கின் இருட்டிலிருந்து வெயிலுக்கு, தோளிலிருந்து தோணிக்கு, பொதிகள் வந்துகொண்டே இருந்தன. முகத்துவாரம் வரை பாய்கள் ஒரே வரிசை. கிடங்கே எழுந்து தண்ணீர் மேல் நடந்துபோவதுபோல் இருந்தது.

எல்லாம் போனபின் உள்ளே நுழைந்தேன். அந்தத் தரையை அதுவரை நான் பார்த்ததே இல்லை. குழந்தை ஏதோ மழலை பேச, நான்கு சுவர்களும் திருப்பிச் சொல்லின.

"அடுத்த கப்பலுக்கு மொதப் பாடு தர்றதா வாக்கு குடுத்தியாமே?" என்றார் கணவர்.

"தப்புங்களா?"

"துரைகிட்ட நான் சொல்லிக்கிறேன். அடுத்த கப்பலுக்கு அவங்களே மொதல்ல ஏத்தட்டும்."

அடுத்த கப்பலுக்கும் நாங்கள் இங்கேதான் இருப்போம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.